ஒரு பெண்ணை எல்லோரும் சேர்ந்து ஒதுக்கும்போது

கன்னியாகுமரி மாவட்டம் இரணியல் பக்கத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். ஆறாம் வகுப்பிலிருந்து கூடவே இருந்த மூன்று பெண்கள் ஒன்றரை மாதமாக அவளோடு பேசுவதில்லை. வாட்ஸ்அப் குரூப்பிலும் அவள் இல்லை. மத்தியானம் தனியாக உட்காருகிறாள், சோற்றுப் பாத்திரம் பாதி அப்படியே வீட்டுக்கு வருகிறது. திங்கட்கிழமை காலையில் வயிறு வலிக்கிறது. வகுப்பு டீச்சரிடம் சொன்னால், "பொம்பளப் பிள்ளைங்க சண்டைதானே, ரெண்டு நாள்ல சரியாயிரும்" என்கிறார். "யாரும் அடிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. இதை ஒரு புகார் என்று சொல்ல முடியுமா? நான் என்ன செய்ய?" என்பது அவர் கேள்வி.

சொல்ல முடியும். இது புகார்தான், தயங்காதீர்கள். நான் இந்த மாவட்டத்துப் பெண்கள் பள்ளிகளில் 26 வருடம் பாடம் எடுத்தவள். கடைசிப் பத்து வருடம் பிள்ளைகளின் பிரச்சினைகளைக் கேட்கிற பொறுப்பும் என்னிடம் இருந்தது. என் முன்னால் வந்து அழுத பிள்ளைகளில் அடிபட்டு வந்தவர்கள் ரொம்பக் கொஞ்சம். "யாருமே பேச மாட்டேங்கிறாங்க டீச்சர்" என்று வந்தவர்களே அதிகம். அந்த ஒரு வரியைச் சொல்லி முடிப்பதற்குள் அவர்களுக்கு மூச்சு முட்டும்.

டீச்சர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். நம் ஊர்ப் பிள்ளைகள் பிணங்குவார்கள், மறுபடி கூட்டாவார்கள். "அவ எனக்குப் பெணக்கு" என்று காலையில் சொன்னவள் சாயங்காலம் அவள் தோளிலேயே கை போட்டுக்கொண்டு பஸ் ஏறுவாள். அந்தப் பிணக்கில் இரண்டு பேருக்கும் காரணம் தெரியும், இரண்டு பேருக்கும் கோபம் இருக்கும், யார் வேண்டுமானாலும் முதலில் பேசிவிடலாம். அதில் பெரியவர்கள் தலையிட்டால்தான் கெடும். உங்கள் மகளுக்கு நடப்பது அது இல்லை. ஒரு பக்கம் மூன்று பேர், இன்னொரு பக்கம் ஒருத்தி. ஏன் என்று அவளுக்குத் தெரியாது, கேட்டாலும் சொல்ல மாட்டார்கள். மறுபடி பேசுவதா வேண்டாமா என்ற முடிவு முழுக்க அந்தப் பக்கம் இருக்கிறது. பள்ளிகளில் பிள்ளைகளே சக பிள்ளையை வதைப்பதை முதலில் இறங்கி ஆராய்ந்தவர்களில் ஒருவரான நார்வேயின் டான் ஓல்வியூஸ் அதற்கு மூன்று அடையாளம் சொன்னார்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, இரண்டு பக்கமும் பலம் சமமாக இல்லாதது. ஒன்றரை மாதம், மூன்று பேருக்கு ஒருத்தி. மூன்றும் பொருந்துகிறது.

அடி இல்லாத இந்த வதையை உலகமும் ரொம்ப நாள் கவனிக்கவில்லை. ஆரம்பகால ஆய்வுகள் பெரும்பாலும் பையன்களின் அடிதடியைத்தான் எண்ணின. 1988-ல் பின்லாந்தில் லாகர்ஸ்பெட்ஸ், பியோர்க்விஸ்ட், பெல்டோனன் என்ற மூன்று ஆய்வாளர்கள் 11, 12 வயதுப் பிள்ளைகளிடம், "உன் வகுப்பில் இன்னாருக்குக் கோபம் வந்தால் என்ன செய்வார்?" என்று கேட்டார்கள். முதுகுக்குப் பின்னால் கதை கட்டுவது, கோபத்தில் வேறொருத்தியோடு கூட்டாகிக் காட்டுவது, "அவகூடச் சேராதே" என்று மற்றவர்களைத் திருப்புவது என்று பெண்களைப் பற்றி வரிசையாக வந்தது. 1995-ல் அமெரிக்காவில் நிக்கி கிரிக்கும் ஜெனிஃபர் கிரோட்பீட்டரும் இதற்கு 'உறவு வழி வன்முறை' என்ற பொருளில் ஒரு பெயரே வைத்தார்கள். உறவுதான் ஆயுதம், அடிபடுவதும் உறவுதான்.

இதைப் படித்துவிட்டு, "பெண் புத்தியே அப்படித்தான்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2008-ல் 148 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, இந்த வகையில் பையன்களுக்கும் பெண்களுக்கும் இருக்கும் வித்தியாசம் மிகச் சிறியது என்றே தெரிந்தது. பையன்களும் செய்கிறார்கள், ஆனால் அவர்கள் அடிக்கவும் செய்வதால் அதுதான் கண்ணில் படுகிறது. சத்தம் போடாதே, சிரிக்காதே, கை ஓங்காதே என்று நாம் வளர்க்கிற பெண் பிள்ளைக்குக் கோபத்தைக் காட்ட மிச்சமிருக்கும் வழி இது ஒன்றுதான் என்பது என் எண்ணம்.

பள்ளிக்கூடத்தில் இது எப்படி நடக்கிறது என்று பக்கத்தில் நின்று பார்த்ததைச் சொல்கிறேன். மத்தியான மணி அடித்ததும் வராந்தாவில் நாலைந்து பேராக வட்டம் போட்டு உட்காருவார்கள். ஒருத்தி பாத்திரத்தோடு வருவாள். யாரும் "போ" என்று சொல்ல மாட்டார்கள். உட்கார்ந்திருப்பவர்கள் முட்டியை ஒரு சாண் நகர்த்துவார்கள், அவ்வளவுதான். வட்டத்தில் இருந்த இடைவெளி அடைந்துவிடும். வந்தவள் இரண்டு விநாடி நிற்பாள். அப்புறம் கை கழுவ வந்தவள் மாதிரி குழாயடிக்குப் போய்விடுவாள். நான் பத்தடி தூரத்தில் நின்றுகொண்டே இதைப் பல வருடம் பார்க்காமல் இருந்திருக்கிறேன். பார்க்கப் பழகிய பிறகு ஒவ்வொரு நாளும் தெரிந்தது.

பஸ்ஸிலும் அப்படித்தான். தக்கலையிலிருந்து வரும் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் பையை வைத்துவிட்டு, "இங்க ஆளு உண்டு" என்பார்கள். அடுத்த ஸ்டாப்பில் வேறொரு பிள்ளை ஏறியதும் பை மடிக்கு வந்துவிடும். இதையெல்லாம் எந்தத் தலைமை ஆசிரியரிடம் எப்படி நிரூபிப்பது? அரசுப் பள்ளிகளில் 'மாணவர் மனசு' என்று ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள், நல்ல ஏற்பாடுதான். ஆனால் இந்த விஷயத்தை எழுதிப் போட ஒதுக்கப்பட்ட பிள்ளைக்குக் கை வராது. "முட்டியை நகர்த்தினார்கள்" என்று எழுத அவளுக்கே வெட்கமாக இருக்கும். எழுத்தைப் பார்த்தால் யார் என்று தெரிந்துவிடுமே என்ற பயம் வேறு.

சின்ன விஷயம் மாதிரித் தெரிகிறது, ஆனால் உடம்பு இதைச் சின்னதாக எடுத்துக்கொள்வதில்லை. 2003-ல் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள். கணினியில் மூன்று பேர் பந்தைத் தூக்கிப் போட்டு விளையாடுவது போல ஓர் ஆட்டம். பாதியில் மற்ற இருவரும் அந்த ஒருவருக்குப் பந்து போடுவதை நிறுத்திவிடுவார்கள். அப்போது மூளையை ஸ்கேன் எடுத்துப் பார்த்தால், உடல் வலியின் வேதனையோடு தொடர்புள்ள பகுதியில் செயல்பாடு கூடியிருந்தது. முகம் தெரியாதவர்கள் சில நிமிடம் ஒதுக்கியதற்கே அப்படி. நாலு வருடம் கூடவே உண்டு, கூடவே நடந்தவர்கள் ஒன்றரை மாதம் ஒதுக்கினால் எப்படி இருக்கும்? உங்கள் மகளின் திங்கட்கிழமை வயிற்றுவலி நடிப்பு இல்லை. ஒருமுறை டாக்டரிடம் காட்டிவிடுங்கள், ஆனால் "ஸ்கூலுக்குப் போகாம இருக்க நடிக்கிறே" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

ஒதுக்குவதற்குக் காரணம் என்று வெளியில் சொல்வது எதுவாகவும் இருக்கும். மார்க் கூடிவிட்டது, டீச்சர் அவளை லீடராக்கிவிட்டார், புதுச் செருப்பு. உள்ளே போனால் பல நேரம் வேறு ஒன்று இருக்கும். கடப்புறத்திலிருந்து (கடற்கரை ஊர்களிலிருந்து) வருகிற பிள்ளையைப் பார்த்து மூக்கைச் சுளிப்பது, அம்மா அண்டி ஆபீசில் (முந்திரி ஆலையில்) வேலை செய்கிறாள் என்று தெரிந்ததும் பேச்சு குறைவது, குலசேகரம், அருமனைப் பக்கத்திலிருந்து வருகிறவள் மலையாளம் கலந்து பேசினால் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பது, "நீங்க எந்தச் சர்ச்சு?" என்று கேட்டுவிட்டுக் கணக்குப் போடுவது. நாங்குநேரியில் 2023-ல் சக மாணவர்களே ஒரு மாணவனை வீடு புகுந்து அரிவாளால் வெட்டிய பிறகு, நீதிபதி சந்துருவை வைத்து அரசு ஒருநபர் குழு அமைத்தது. 2024-ல் கொடுத்த அறிக்கையில் சாதியைக் காட்டக் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளைத் தடை செய்யச் சொன்னார் அவர். சரியான யோசனை. பெண்களின் சாப்பாட்டு வட்டத்தில் கயிறு இருக்காது. யார் கொண்டுவந்த குழம்பை யார் தொட்டுக்கொள்கிறார்கள் என்பதில் சாதி இருக்கும்.

இதில் எல்லாவற்றையும் விடக் கொடியது ஒன்று உண்டு. "அவ ஒரு பையன்கூடப் பேசுறா" என்ற பேச்சு. நம் பக்கத்தில் அது பள்ளிக்கூட வாசலோடு நிற்காது. பஸ் ஸ்டாப், சர்ச், கோயில், மகளிர் குழுக் கூட்டம் என்று சுற்றி, மாமியோ சித்தியோ வழியாக வீட்டுக்கு வரும். வந்ததும் வீட்டில் போனைப் பிடுங்குவார்கள், டியூஷனை நிறுத்துவார்கள், அப்பா கல்ஃபிலிருந்து போன் போட்டு நிற்க வைத்துக் கேள்வி கேட்பார். கிளப்பிவிட்ட பெண்ணுக்கு இது நன்றாகத் தெரியும். தான் ஒரு வரி சொன்னால் போதும், தண்டனையை அவள் வீடே கொடுத்துவிடும். அதனால்தான் ஒதுக்கப்பட்ட பிள்ளைகள் வீட்டில் வாய் திறப்பதில்லை. என்ன நடந்தது என்று சொன்னால் அந்தப் பேச்சையும் சொல்ல வேண்டி வரும். சொன்னால் அம்மா நம்புவாளா என்று தெரியாது. உங்கள் மகளிடம் நீங்கள் பேசுவதற்கு முன்னால் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். "உன்னைப் பத்தி யாரு என்ன சொன்னாலும் முதல்ல உன்கிட்டதான் கேப்பேன், அதுவரைக்கும் நம்ப மாட்டேன்" என்று நீங்களாகவே சொல்லுங்கள். மகளின் மனதில் ஒரு பூட்டு திறப்பதை உங்கள் கண்ணாலேயே பார்ப்பீர்கள்.

பேசும்போது கண்ணுக்கு நேராக உட்கார வைத்து விசாரிக்காதீர்கள். வெங்காயம் உரிக்கும்போது, துணி மடிக்கும்போது, ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்திருக்கும்போது கேளுங்கள். "நீ என்ன செஞ்சே, அவங்க சும்மா பேசாம இருப்பாங்களா?" என்ற கேள்வி வேண்டவே வேண்டாம். "மக்களே, இண்ணைக்கு ஆருகூட இருந்து சாப்பிட்ட?" என்பது போதும். தினமும் கேட்காதீர்கள், இரண்டு நாளைக்கு ஒருமுறை. அவள் சொல்வதை ஒரு பழைய நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள்: என்ன நடந்தது, எங்கே, யார் இருந்தார்கள். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் அற்பம். பதினைந்து நாள் வரிசையாகப் பார்த்தால் எந்த டீச்சரும் "ரெண்டு நாள்ல சரியாயிரும்" என்று சொல்ல மாட்டார்.

ராத்திரி எட்டு மணிக்கு, ஒதுக்குகிற பெண்ணின் அம்மாவுக்குப் போன் போடாதீர்கள். எனக்குத் தெரிந்து அது நல்லபடி முடிந்தது இரண்டோ மூன்றோ தடவைதான். எந்தத் தாயும் தன் பிள்ளைக்காகத்தான் பேசுவாள். அரை மணி நேரத்தில் அது இரண்டு குடும்பத்துச் சண்டையாகிவிடும், மறுநாள் உங்கள் மகளுக்கு 'அம்மாகிட்ட கோள் சொன்னவ' என்ற பெயரும் சேரும்.

இனி நான் முக்கியமாக நினைப்பதைச் சொல்கிறேன். எல்லோரும் ஒதுக்கத் தொடங்கிய அந்த ஒரு பெண்ணைத் திருத்தப் பார்க்கிறார்கள், அல்லது உங்கள் மகளைத் தேற்றப் பார்க்கிறார்கள். இரண்டும் வேண்டியதுதான், ஆனால் வகுப்பில் மீதி 35 பேர் இருக்கிறார்களே, காரியம் அவர்களிடம்தான் இருக்கிறது. ஒதுக்குவது ஒருத்தியால் முடிகிற வேலையே இல்லை. ஒருத்தி முடிவெடுப்பாள், இரண்டு பேர் கூட நிற்பார்கள், நாலு பேர் சிரித்து வைப்பார்கள், மீதிப்பேர் தலையைக் குனிந்துகொள்வார்கள். பின்லாந்தின் கிறிஸ்டினா சால்மிவால்லி 1996-ல் இந்தப் பாத்திரங்களைப் பிரித்துக் காட்டினார். பின்னாளில் அதை வைத்தே அந்த நாட்டுப் பள்ளிகளில் இந்த வதையைத் தடுக்க 'கிவா' என்ற திட்டம் உருவானது. கனடாவில் பள்ளி மைதானங்களில் கேமராவும் மைக்கும் வைத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2001-ல் வந்தது. சின்ன வகுப்புப் பிள்ளைகள்தான். கூடப் படிக்கும் ஒரு பிள்ளை குறுக்கே வந்தபோது, பாதிக்கு மேற்பட்ட தடவைகளில் தொல்லை பத்தே விநாடிக்குள் நின்றுவிட்டது. ஆனால் அப்படிக் குறுக்கே வந்தது ஐந்தில் ஒரு தடவைதான்.

தலை குனிந்திருக்கும் அந்தப் பிள்ளைகளில் பலருக்கு இது பிடிக்காது. "அவகூடப் பேசினா அடுத்தது நான்தான்" என்ற பயம் வாயைக் கட்டிப்போடுகிறது. அவர்களைத் துணிச்சல்காரிகள் ஆக்க வேண்டும் என்றில்லை. பயமில்லாமல் பக்கத்தில் உட்கார ஒரு சாக்குப் போதும், அந்தச் சாக்கை டீச்சர்தான் உண்டாக்க முடியும்.

அதனால் வகுப்பாசிரியரிடம் போகும்போது, "அந்தப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கண்டியுங்கள்" என்று கேட்காதீர்கள். "கூப்பிட்டு ராசியாக்குங்கள்" என்றும் கேட்காதீர்கள். எதிரெதிரே நிற்க வைத்துக் கை கொடுக்கச் சொன்னால் டீச்சர் முன்னால் கொடுப்பார்கள், வெளியே வந்ததும் பலமடங்கு பழிவாங்குவார்கள். பலம் சமமாக இருக்கிற சண்டைக்குத்தான் மத்தியஸ்தம் பொருந்தும். நீங்கள் கேட்க வேண்டியது மூன்று சின்ன ஏற்பாடுகள். வகுப்பு முழுவதற்கும் இட வரிசையை மாற்றி, உங்கள் மகளைச் சாதுவான, மனசு நல்ல ஒரு பிள்ளைக்குப் பக்கத்தில் போடுவது. யாருக்காக என்று தெரியக் கூடாது. குழு வேலை வரும்போது, "நீங்களே சேர்ந்துக்கோங்க" என்று விடாமல் டீச்சரே பெயர் சொல்லிப் பிரிப்பது. அந்த "நீங்களே சேர்ந்துக்கோங்க" என்ற வார்த்தையைக் கேட்டதும் வியர்த்துப்போகும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். மூன்றாவது, அவளுக்கும் இன்னொருத்திக்கும் சேர்த்து ஒரு பொறுப்பு: நூலகத்தில் புத்தகம் அடுக்குவதோ, ஜே.ஆர்.சி. (ஜூனியர் ரெட் கிராஸ்) வேலையோ, மத்தியான நேரத்தில் வருகிற மாதிரி.

ஒரு வருடம் எட்டாம் வகுப்பில் இப்படி ஒதுக்கப்பட்ட பிள்ளை ஒருத்தி இருந்தாள். பேச்சே வராது. செடிக்குத் தண்ணீர் விடும் வேலையை அவளுக்கும், வேறு செட்டில் இருந்த ஒரு வாயாடிப் பிள்ளைக்கும் சேர்த்துக் கொடுத்தேன். பத்து நாள் இரண்டு பேரும் ஆளுக்கொரு வாளியோடு தனித்தனியாக நடந்தார்கள். பதினோராம் நாளோ என்னவோ, வாயாடி தன் பாத்திரத்திலிருந்து ஒரு முந்திரிக்கொத்தை எடுத்து, "அம்மம்ம செஞ்சது, பல்லு உடையும், பாத்துத் தின்னு" என்று நீட்டினாள். அந்தப் பழைய செட்டு அவளைக் கடைசிவரை சேர்த்துக்கொள்ளவில்லை. அதற்கப்புறம் அது அவளுக்குப் பெரிதாகவும் படவில்லை. நெருங்கிய தோழி ஒருத்தி இருந்தாலே தொல்லையும் அதன் பாதிப்பும் குறைகின்றன என்று 1999-ல் வந்த ஓர் ஆய்வும் காட்டியது. நீங்களும் அந்த மூன்று பேரை மீட்டுக்கொடுக்கப் பாடுபட வேண்டாம். ஒருத்தி போதும். பள்ளியிலேயே கிடைக்காவிட்டால் டியூஷன், ஞாயிறு வகுப்பு, கபடி, சித்தி மகள் என்று எங்கிருந்தாலும் சரி. சனிக்கிழமை வீட்டுக்குக் கூப்பிடுங்கள், மரச்சீனிக் கிழங்கு அவித்துக் கொடுங்கள், நீங்கள் நடுவில் உட்காராதீர்கள்.

மகளிடம் ஒன்று சொல்லி வையுங்கள். "நான் என்னடி தப்பு செஞ்சேன்?" என்று திரும்பத் திரும்ப மெசேஜ் அனுப்ப வேண்டாம். அந்தக் கெஞ்சல் ஸ்கிரீன்ஷாட்டாக மற்ற குரூப்புக்குப் போகும். ஒருமுறை நேரில், சத்தமில்லாமல், "எதாவது மனசுல இருந்தா சொல்லு" என்று கேட்கலாம். பதில் வராவிட்டால் விட்டுவிட வேண்டும்.

போனைப் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் அடுத்த தடவை சொல்ல மாட்டாள். இப்போதெல்லாம் குரூப்பிலிருந்து நீக்குவது கூட இல்லை. பழைய குரூப்பை அப்படியே போட்டுவிட்டு அவள் இல்லாமல் புதுக் குரூப் தொடங்குகிறார்கள். அவள் பழையதில் "குட் மார்னிங்" போட்டுக்கொண்டே இருப்பாள். பெயர் சொல்லாமல் ஸ்டேட்டஸ் போடுவதும் உண்டு, அது யாருக்கு என்று வகுப்புக்கே தெரியும். அவற்றை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், பதில் போட வேண்டாம். ஆனால் படத்தை வெட்டி ஒட்டி அசிங்கமாக்குவது, அவள் பெயரில் போலிக் கணக்கு, மிரட்டல் என்று போனால் அது பள்ளிக்கூட விஷயம் இல்லை. சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு உடனே கூப்பிடுங்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே இருக்கும் பிள்ளையின் ஆபாசப் படத்தை உருவாக்குவதும் அனுப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படியும் போக்சோ சட்டப்படியும் குற்றம், செய்தது கூடப் படிக்கும் பிள்ளையாக இருந்தாலும்.

இதைப் படிக்கிற வேறு தாய்மாருக்கு ஒரு வார்த்தை. உங்கள் மகள் அந்த மூன்று பேரில் ஒருத்தி என்று தெரிந்தால், அடிக்காதீர்கள். "யாரைப் பிடிக்கலையோ அவகூடக் கூட்டா இருக்க வேண்டாம். ஆனா மத்தவங்களைப் பேசக் கூடாதுன்னு சொல்ல உனக்கு உரிமை இல்லை" என்று நிதானமாகச் சொல்லுங்கள். பெரும்பாலும் அவளும் தன் இடம் போய்விடுமோ என்ற பயத்தில்தான் செய்கிறாள்.

உங்கள் மகளிடம் சிலவற்றைக் கவனியுங்கள். தூக்கம் வராமை, வெயிலிலும் முழுக்கைச் சட்டை, கையில் கீறல், பிடித்த பொருட்களை அடுத்தவருக்குக் கொடுப்பது, "நான் இல்லன்னா எல்லாருக்கும் நிம்மதி" என்ற மாதிரிப் பேச்சு. இதில் எதைப் பார்த்தாலும், "சாகணும்னு தோணுதா மக்களே?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. சொல்ல ஆள் கிடைத்த ஆறுதல்தான் வரும். அன்றைக்கு அவளைத் தனியே விடாதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் இரவும் பகலும் இலவசமாகத் தமிழில் பேசலாம். 1098 குழந்தைகளுக்கானது, அவளே கூப்பிடலாம். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே போவதை யாராவது பார்த்துவிடுவார்களோ என்று நினைத்து நாளைக் கடத்தாதீர்கள்.

டி.சி. வாங்கிவிடலாமா என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். அவசரப்பட வேண்டாம், முதலில் செக்ஷனை மாற்ற முடியுமா என்று கேளுங்கள். பல நேரம் ஒரு சுவர் தள்ளிப் போனாலே போதும். ஆனால் பள்ளி அசையவே இல்லை, பிள்ளை கரைந்துகொண்டே போகிறாள் என்றால் மாற்றுங்கள். அதைத் தோல்வி என்று யாரும் சொல்ல விடாதீர்கள்.

இப்போதைக்கு அந்த நோட்டோடு வகுப்பாசிரியரைப் பாருங்கள், மூன்று ஏற்பாடுகளையும் கேளுங்கள். இரண்டு வாரம் கழித்து மறுபடி போய், எது நடந்தது என்று கேளுங்கள். ஒன்றுமே நடக்கவில்லை என்றால் தலைமை ஆசிரியருக்கு எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கும் அசைவு இல்லையென்றால் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417 இருக்கிறது. கூப்பிடும்போது அந்த நோட்டு கையில் இருக்கட்டும், தேதி கேட்பார்கள்.